இரண்டு வெள்ளை, ஒரு சிவப்பு

18 நவம்பர் 2024, திங்கள்

பதினொன்றாம் வகுப்பில் இன்று நிகழ்தகவு தொடங்கியாயிற்று. பாடப்புத்தகம் நாணயத்தைச் சுண்டுகிறது, பகடையை உருட்டுகிறது. என் பிள்ளைகள் பகடையை எங்கே பார்த்தார்கள்? நான் மாட்டைக் கொண்டுவந்தேன்.

மூன்று மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறார்கள். ஒவ்வொன்றும் சினை பிடிக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒரு மாட்டுக்கு என்ன ஆனாலும் அடுத்த மாட்டை அது பாதிக்காது. சரியாக ஒரு மாடு மட்டும் சினை பிடிக்க வாய்ப்பு எவ்வளவு? வகுப்பே கூடிப் பெருக்கியது. பிடிப்பதற்கு 1/3, பிடிக்காததற்கு 2/3, இன்னொன்றுக்கும் 2/3. ஆக 4/27. எழுதி முடித்து எல்லோரும் பேனாவை மூடிவிட்டார்கள். ஆர்த்தி மட்டும் எழுந்து, "எந்த மாடுங்க டீச்சர்?" என்றாள்.

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவளைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. எந்த மாடு என்று யாரும் சொல்லவில்லையே! முதல் மாடாக இருக்கலாம், நடு மாடாக இருக்கலாம், கடைசி மாடாகவும் இருக்கலாம். மூன்று விதமாக நடக்கலாம் என்பதால் மூன்று 4/27. அதாவது 4/9, ஏறக்குறைய பாதி. எத்தனை விதமாக நடக்கும் என்று எண்ணாமல் பெருக்கினால் நடக்கவே நடக்காது என்பது போலத் தெரியும்.

மாட்டுக் கணக்கு எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்று வகுப்புக்குத் தெரியாது. எங்கள் மலையில் வாழவந்தி நாட்டுக் கால்நடை மருந்தகத்தில் ஆய்வாளராக இருக்கும் அர்த்தனாரியிடமிருந்து. அவரைக் கட்டிக்கொள்ள நினைப்பது வீட்டுக்கும் தெரியாது. இந்த வாரம் சொல்லிவிட வேண்டும்.

20 நவம்பர், புதன்

சொல்லிவிட்டேன். யாருக்கும் சோறு இறங்கவில்லை.

21 நவம்பர், வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. அப்பா "ம்" என்றார். அவர் எதற்கும் முதலில் அதைத்தான் சொல்வார். அம்மா குச்சிக்கிழங்கைத் தோல் உரித்துக்கொண்டே இருந்தாள், சட்டி நிறைந்த பிறகும் உரித்தாள்.

"கீழ்நாட்டுக்காரனா?"

"அடிவாரம்தாம்மா. பஸ்ஸுல போனா ரெண்டு மணி நேரங்கூட ஆகாது. வேலையும் இங்க மேலதான்."

"என்ற அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அதுதான் விஷயம். மாமா சின்னுசாமியின் மகன் செல்வத்துக்கு நான் என்று, நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே அம்மா வாக்குக் கொடுத்திருக்கிறாள். மாமா எங்கள் வீட்டுக்கு எதைச் செய்யவில்லை? என் முதல் ஜாமெட்ரி பாக்ஸ் அவர் வாங்கிக் கொடுத்தது. நான் பி.எட். சேர்ந்தபோது கல்லூரி வரை வந்து, வாசலில் நின்றுகொண்டு, "உள்ள நீயே போயிட்டு வா சாமி, எனக்கு இங்கிலீசு வராது" என்றவர். அவரிடம் அம்மா எப்படி வாயைத் திறப்பாள்? புரிகிறது. புரிந்து என்ன செய்ய?

செல்வத்துக்கும் இதில் துளியும் ஆசையில்லை. இன்று காலை அவன் பிக்கப் வண்டியில்தான் பள்ளிக்குப் போனேன். "உன்னக் கட்டிக்கிட்டா சோத்துக்கும் கணக்குப் போட்டுத்தான் வெப்ப. எனக்கு ஆள் இருக்குது கலைமணி. கோகிலவாணின்னு, நம்ம மலைதான், குண்டூர் நாட்டுப் பக்கம். அப்பன்கிட்ட இப்போதைக்குச் சொல்லிராத" என்றான். அவன் பிரச்சினை அவனுக்கு.

24 நவம்பர், ஞாயிறு

மாமா வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. காபித் தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "வாக்குன்னு ஒண்ணு இருக்குதில்ல ராக்கு" என்றார் அம்மாவிடம். அவ்வளவுதான். கத்தியிருந்தால் தேவலை.

அப்போது அம்மா சொன்னாள், "பூ கேக்கலாம்ணா. சாமி வேண்டாம்னா வேண்டாம். சாமி செரின்னா நீயும் ஒண்ணும் சொல்லப்படாது, நானும் சொல்லமாட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூ கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று எங்கள் ஊரில்! முறை விட்டு வெளியே கட்டுவதென்றால் மாரியம்மன் முன்னால் பூ கேட்பார்கள். ஒரு பலா இலையில் வெள்ளை அரளி, இன்னொன்றில் செவ்வரளி, இரண்டையும் ஒரே மாதிரி மடித்து வாழைநாரால் கட்டித் தட்டில் போட வேண்டும். ஒரு சின்னப் பெண் குழந்தை ஒன்றை எடுக்கும். இப்படி மூன்று முறை. மூன்று சோடியையும் மூன்று பேர் தனித்தனியே வீட்டிலேயே கட்டி எடுத்து வர வேண்டும். முதல் சோடி உரிமைக் கட்டு, முறை யாருக்கோ அந்த வீட்டார் கட்டுவது. அடுத்தது அப்பா. கடைசி அம்மா. சாமி சரி சொன்னதாக ஆக, மூன்றில் இரண்டு முறையாவது வெள்ளை வர வேண்டும். எடுக்காமல் மீந்த பொட்டலங்களை யாரும் பிரிக்கக் கூடாது. சாமி காலடியில் கிடக்கும். எட்டாம் நாள் கல்யாணப் பெண் கொண்டுபோய் ஓடையில் விட வேண்டும்.

எம்.எஸ்ஸி. படித்த நான், இலைப் பொட்டலத்துக்குக் கழுத்தை நீட்ட வேண்டும்! "உனக்கு நான் வேணுமா, உன்ற அண்ணன் வேணுமா?" என்று கேட்டுவிட்டேன். அம்மா எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாள்.

26 நவம்பர், செவ்வாய்

பேசாமல் பதிவு அலுவலகம் போய்விடலாமா என்று போனில் கேட்டேன். அர்த்தனாரி, "உங்க அம்மா அழுதுக்கிட்டு இருக்கறப்ப நாம எங்கீங்க நல்லா இருக்கறது? பூவைக் கேட்டுத்தான் பாக்கலாம்" என்றார். இந்த மனிதரை இதற்காகத்தான் பிடித்தது. இதற்காகவே சில சமயம் எரிச்சலாகவும் வருகிறது.

பிறகு அவரே கணக்கில் இறங்கினார். "மூணும் வெள்ளையா வர எட்டுல ஒண்ணு. ரெண்டு வெள்ளை ஒரு செவப்பு வர, அதும் பாதி இன்ட்டு பாதி இன்ட்டு பாதி, எட்டுல ஒண்ணு. மொத்தம் எட்டுல ரெண்டு. கால் பங்குதானுங்களே டீச்சரம்மா."

"செவப்பு எந்த இடத்துல வருதுங்க?" என்று கேட்டேன்.

"எங்க வந்தா என்னங்க? ஒரு செவப்பு ஒரு செவப்புத்தான."

"எங்க வேணாலும் வரலாமில்ல? மொதல்ல வரலாம், நடுவுல வரலாம், கடைசியில வரலாம். அது மூணு விதம். அப்ப எட்டுல மூணு. அதோட மூணும் வெள்ளை ஒண்ணு. எட்டுல நாலு."

"அப்ப பாதியா?" என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். கால் பங்கைப் பாதியாக்கியதற்கே இந்த மனிதர் இப்படி மகிழ்ந்தால், முழுசாகக் கிடைத்தால் என்ன ஆவாரோ.

ஆனால் பாதி என்பது பாதிதான். எட்டையும் எழுதிப் பார்த்தேன். நாலில் நான் அவரோடு இருக்கிறேன். நாலில் இல்லை.

30 நவம்பர், சனி

மழை. பள்ளி இல்லை. அப்பா தோட்டத்தில் காற்றுக்குச் சரிந்த மிளகுக் கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். நான் நார் எடுத்துக் கொடுத்தேன்.

"அந்தப் பூவுக்கு என்னமோ கணக்கு இருக்குதாமே கண்ணு?"

சொன்னேன். எட்டு விதம், அதில் நாலு நமக்கு. அப்பா கையிலிருந்த முடிச்சை முடிக்காமல், "மொதப் பூ செவப்பா வந்துட்டா?" என்றார். அப்படியானால் மீதி இரண்டும் வெள்ளையாகவே வர வேண்டும், நாலில் ஒன்றுதான் என்றேன். "ம்" என்றார். அவருடைய முடிச்சு தனி. மிளகு மூட்டைக்குப் போடுவது, இழுக்க இழுக்க இறுகும்.

சாயங்காலம் அடுப்படியில் அம்மாவும் கேட்டாள். இந்த வாரம் முழுக்க என்னோடு பேசாதவள், புகையைப் பார்த்துக்கொண்டு, யாரையோ கேட்பது போல.

"எத்தன வரும் அது?"

"பாதி."

"பாதிதானா?"

நக்கல் செய்கிறாள் என்றே நினைத்தேன். "உனக்குப் பாதியே அதிகந்தான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சொன்ன பிறகு மனசு கேட்கவில்லை. ராத்திரி என் தட்டில் இரண்டு கருவாட்டுத் துண்டு அதிகமாக இருந்தது. கோபத்திலும் இவளால் எனக்குக் குறைவாகப் பரிமாற முடியாது.

9 டிசம்பர், திங்கள்

நாளைக்குப் பூ கேட்கிறோம். விடைத்தாள் திருத்த உட்கார்ந்தேன், சரியான விடைக்கு மேல் தப்புப் போட்டுவிட்டேன்.

10 டிசம்பர், செவ்வாய்

வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் குழம்பும்.

அர்த்தனாரியும் அவர் அப்பாவும் காலை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள். அவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வரும் வழியில் யார் வீட்டு மாட்டையோ பார்த்திருக்கிறார், கையில் சாணி. கோயில் குழாயில் கழுவிக்கொண்டு வந்து தூரமாக நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

முதலில் உரிமைக் கட்டு. மாமா மடியிலிருந்து இரண்டு பொட்டலங்களை எடுத்துத் தட்டில் வைத்தார். பூசாரியின் பேத்தி ஒன்றை எடுத்தாள். பிரித்தார்கள்.

சிவப்பு.

எட்டில் நாலு அப்போதே போயிற்று. மீதி நாலில் ஒன்றே ஒன்று. சிவப்பு, வெள்ளை, வெள்ளை. வேறு வழியே இல்லை. கூட்டத்தில் யாரோ, "மொதல்ல செவப்பு வந்தா எல்லாம் செவப்புத்தான்" என்றார்கள். அப்படியெல்லாம் இல்லை, முதல் பூவுக்கும் இரண்டாம் பூவுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது என்று கத்த வேண்டும் போல இருந்தது. மாமா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

அப்பாவுடைய சோடி. வெள்ளை.

அம்மாவுடைய சோடி. அம்மா தட்டில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், முகம் கல். எனக்கு அவளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. என் வாழ்க்கையைக் கொண்டுவந்து தட்டில் போட்டவள் அல்லவா? குழந்தை ஒன்றைத் தொட்டாள், விட்டாள், மற்றதைத் தொட்டாள், பிறகு முதலில் தொட்டதையே எடுத்தாள். எனக்கு உயிர் போய் வந்தது.

வெள்ளை. வெள்ளை. வெள்ளை அரளி!

மாமாதான் முதலில் எழுந்தார். விபூதியை அள்ளி என் நெற்றி முழுக்கப் பூசினார். "சாமியே சொல்லிருச்சு புள்ள. இனி நான் என்ன சொல்றதுக்கு இருக்குது? மாப்பிள்ளைக்கு மொத வேட்டி நான்தான் எடுப்பேன், ஆமா." அவர் கண் கலங்கியிருந்தது. அம்மா அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தோற்றுப்போன அழுகை என்று நினைத்தேன்.

நாலில் ஒன்று. நடந்தே விட்டது. எனக்கே!

17 டிசம்பர், செவ்வாய்

இதை எப்படி எழுதுவது?

காலையில் மீந்த மூன்று பொட்டலங்களைத் தட்டில் எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனேன். தனியாகத்தான் போக வேண்டும். எட்டு நாளில் பலா இலை காய்ந்து சுருண்டுவிட்டது. மாமா நாரை மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தார். அந்த இலை மடிப்பில் வெடித்து, உள்ளே பூ தெரிந்தது. நான் பிரிக்கவில்லை, அதுவே தெரிந்தது. வெள்ளை அரளி வாடினால் பழுப்பாகும். செவ்வரளி வாடினாலும் கறுத்த சிவப்பாகத்தான் இருக்கும். இது பழுப்பு. எடுத்தது சிவப்பு, மீந்தது வெள்ளை. சரிதான். மாமா நேராகத்தான் கட்டியிருக்கிறார் என்று சந்தோஷமாக இருந்தது.

அப்பாவுடைய மிளகு மூட்டை முடிச்சு இலையையே அறுத்திருந்தது. உள்ளே சிவப்பு இருக்க வேண்டும். எடுத்தது வெள்ளையாயிற்றே.

பழுப்பு.

வெயிலில் பிடித்துப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன். பழுப்புதான். என் அப்பா! எதற்கும் "ம்" என்கிற என் அப்பா! இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையை வைத்துக் கட்டியிருக்கிறார்!

அம்மாவுடைய கட்டு பிரியவில்லை. பூத்தொடுக்கிற முடிச்சு, கச்சிதமாக இருந்தது. பிரிக்கக் கூடாது. பிரித்தேன்.

பழுப்பு. அதுவும் வெள்ளை.

ஓடைக்கரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பிறகு சிரித்தேன். பார்த்தவர்கள் எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்று பூசாரியைக் கூட்டி வந்திருப்பார்கள். அம்மா, நீ எனக்கு எதிராகப் பூ கேட்கவில்லையா? உன் அண்ணனிடம் உன்னால் சொல்ல முடியாததைச் சாமி வாயால் சொல்லவைக்கத்தான் கேட்டாயா? மூன்று வாரமாக உன் முகத்தைப் பார்க்காமல் திரிந்தேனே. "பாதிதானா?" என்று நீ கேட்டது நக்கல் இல்லையே, பயந்துபோய்க் கேட்டிருக்கிறாய். நான் என்ன பேச்சுப் பேசினேன்.

மூன்றையும் தண்ணீரில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா வாசலிலேயே நின்றாள்.

"உட்டாச்சா?"

"உட்டாச்சும்மா."

"எதும் பிரியலியே?"

"இல்லம்மா. கட்டு அப்படியே இருந்துச்சு."

அவள் பெருமூச்சு விட்டதை நான் பார்க்காதது போல இருந்தேன். உள்ளே போய்ப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டேன். "விடுடி, கையெல்லாம் மாவு" என்றாள். விடவில்லை.

சாயங்காலம் அப்பா தோட்டத்தில் தனியாகப் பிடித்தார். "அந்த எல காஞ்சு கீஞ்சு போயிருந்துதா கண்ணு?"

"நல்லாத்தான் இருந்துச்சுப்பா."

"ம். உங்கம்மாகிட்ட ஒண்ணும் சொல்லிராத."

"என்னத்தப்பா?"

"ஒண்ணுமில்ல."

ஆக, இவருக்கு அவள் செய்தது தெரியாது. அவளுக்கும் இவர் செய்தது தெரியாது! ஒரே வீட்டில், ஒரே அரளிச் செடியில் பறித்து, ஒருவருக்கு ஒருவர் தெரியாமல்! ஒன்றை ஒன்று பாதிக்காத சார்பிலா நிகழ்ச்சிகளுக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? வகுப்பில் சொல்லத்தான் முடியாது.

கணக்கைத் திருப்பிப் போட்டேன். ஒருவர் மட்டும் இப்படிக் கட்டியிருந்தால் ஒரு வெள்ளை நிச்சயம், மீதி இரண்டில் ஒன்றாவது வெள்ளையாக வர வேண்டும். அது நாலில் மூன்று. பாதியை முக்கால் ஆக்கினால் போதும் என்று அப்பா நினைத்திருக்கிறார், அம்மாவும் நினைத்திருக்கிறாள். இரண்டு பேரும் நினைத்ததால் அது முழுசாக ஒன்று ஆகிவிட்டது. நான் கோயிலில் நின்று பயந்ததெல்லாம் வீண். எட்டு விதத்தையும் எண்ணியவள், இந்த இரண்டு பேரை எண்ணவில்லை.

சாமிக்குப் பயந்து ஒழுங்காகக் கட்டியது மாமா ஒருவர்தான். விபூதி பூசியவரும் அவர்தான்.

18 டிசம்பர், புதன்

வகுப்பில் அடுத்த கணக்கு: "ஒரு சீரான நாணயம் மூன்று முறை சுண்டப்படுகிறது." ஆர்த்தி எழுந்தாள். "சீரானதுன்னு யாருங்க டீச்சர் பாத்தாங்க?" இந்தப் பெண் என்னை நிம்மதியாகப் பாடம் நடத்த விடப்போவதில்லை. "அப்படின்னு நெனச்சுக்கறோம்" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

12 பிப்ரவரி 2025, புதன்

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. வேட்டி மாமாதான் எடுத்தார். அர்த்தனாரிக்கு நீளம் பத்தவில்லை, இருந்தும் அதையே கட்டிக்கொண்டு தாலி கட்டினார். வாழவந்தி நாட்டில் மருந்தகத்துக்குப் பக்கத்திலேயே வீடு கிடைத்திருக்கிறது. அம்மா வந்து சமையலறையைப் பார்த்து, "இவ்வளவு சின்ன ஊட்டுல நான் எங்க படுக்கறது?" என்றாள். வந்து தங்குவதாக முடிவே செய்துவிட்டாள் போல.

பூ விஷயத்தை அவரிடம்கூடச் சொல்லவில்லை. நாலில் ஒன்று அடித்தது தன் அதிர்ஷ்டம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இருக்கட்டும்.

24 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

செல்வம் வாயைத் திறந்துவிட்டான். மாமா வீட்டில் ஒரு வாரமாகப் பிரளயம். கோகிலவாணி அவனைவிட ஒரு வயது மூத்தவள் என்பது அத்தைக்குப் பிடிக்கவில்லை. "ஊரு சிரிக்கும்" என்று ஒரே பிடியாக நிற்கிறாள். கடைசியில் அத்தையே, பூ கேட்டுவிடலாம் என்றிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை.

மாமா இன்று காலை எங்கள் வீட்டுக்கே வந்தார். "மொறைப்படி உரிமைக் கட்டு உன்றதுதான் சாமி. கல்யாணம் ஆனாலும் செல்வத்துக்கு மொறப்பொண்ணு நீதான். நீ வந்து கட்டோணும். நீ கணக்கு டீச்சரு, நேர்மையாக் கட்டுவ."

அர்த்தனாரி அவருக்குக் காபி போடப் போனார். நான் மாமாவின் காலைப் பார்த்துக்கொண்டு, "வாரேன் மாமா" என்றேன்.

26 ஆகஸ்ட், செவ்வாய்

நேற்று சாயங்காலமே அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். விடிந்ததும் கொல்லையில் அரளிச் செடிப் பக்கம் போனேன். மாமாவும் அத்தையும் ஆளுக்கொரு சோடி கட்டுவார்கள். மாமா நேராகத்தான் கட்டுவார், அவருக்கு வேறு மாதிரி கட்டத் தெரியாது. அத்தை எதிர்ப்பு. என்னால் ஆனது பாதியை முக்கால் ஆக்குவது. அன்றைக்கு என் நெற்றியில் பூசிய விபூதிக்கு நான் செய்யக்கூடியது அதுதான். மிச்சம் இருக்கிற கால் பங்கு சாமி பாடு.

ஒரு வெள்ளை பறித்தேன். இன்னொரு வெள்ளையில் கை வைத்தபோது பின்னால் அம்மா நிற்பது தெரிந்தது. கையில் பலா இலையும் நாரும் வைத்திருந்தாள்.

"செவப்பு அக்கட்ட இருக்குது" என்றாள்.

"தெரியும்மா."

அம்மா என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். எட்டு மாதமாக எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்ததை ஒருவரும் எடுத்துப் பேசவில்லை, இன்றும் பேசவில்லை. நான் இரண்டாவது வெள்ளையையும் பறித்தேன். அவள் இலையை நீட்டினாள்.

"உன்ற மாமன் நேத்துக் காலையிலயே வந்து ஒரு வெள்ளை பறிச்சிட்டுப் போயிட்டாரு. மத்தியானம் உன்ற அத்தை தனியா வந்து பறிச்சிட்டுப் போனா" என்றாள், நாரைக் கிழித்துக்கொண்டே. "அவ ஊட்டுச் செடியில வெள்ளை இல்லியாமா. செவப்பு அங்கியே இருக்குதேன்னு சொல்லி வெள்ளை மட்டும் கேட்டா."

"எத்தனம்மா கேட்டாங்க?"

"ரெண்டு" என்றாள் அம்மா. "கட்டு சாமி, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

கட்டினேன்.